தாத்தாவின் தோட்டா பெல்ட்டில் பச்சை பூத்தது ஏன்? ஆம்பூர் பீரோவிலிருந்து ஒரு கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரிலிருந்து நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். பழைய தோல் பெல்ட். இடுப்பைச் சுற்றி வரிசையாகத் தைத்த சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சிவப்புத் தோட்டா. 12 போர் துப்பாக்கிக்கானவை. தோட்டாவின் அடியில் பளபளக்க வேண்டிய பித்தளை தெரியவே இல்லை. அதன் மேல் பச்சையாக, குளத்துப் பாசி காய்ந்த மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"மச்சி, தாத்தா பீரோவைக் காலி பண்றோம். இதுல பூஞ்சை புடிச்சிருக்கு. துடைச்சு ஷோகேஸ்ல மாட்டலாமா? செம விண்டேஜ் லுக்!"

நான் உடனே போன் போட்டேன். "துடைக்காத. கழட்டாத. பசங்க கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வை. தாத்தாவோட லைசென்ஸ் புக் எங்க?"

புக் இருந்தது. துப்பாக்கி இல்லை. வயசாகிவிட்டது என்று தாத்தா இருக்கும்போதே முறைப்படி ஒரு டீலரிடம் விற்றுவிட்டார்களாம். தாத்தா போய் இரண்டு வருடம் ஆகிறது. துப்பாக்கி வீட்டை விட்டுப் போனதும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். பெல்ட்டை யாரும் நினைக்கவில்லை. பாட்டியின் பட்டுப் புடவைக்கும் நாப்தலின் உருண்டைக்கும் நடுவில் பதினான்கு உயிருள்ள தோட்டாக்கள் இருந்திருக்கின்றன.

இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று கெமிஸ்ட்ரி, இன்னொன்று சட்டம். துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அல்ல, தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காலத்தில் துப்பாக்கி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் ஒருபடி கூடுதலாக. காரணம், இந்த ஊர்களுக்குச் சோறு போடும் தோல்தான் தோட்டாவுக்கு முதல் எதிரி.

அது பூஞ்சை இல்லை பாஸ்

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கேம் ஆடுகிறவர்கள் 'புல்லட்' என்று சொல்வது முனையில் இருக்கும் குண்டை மட்டும்தான். முழுத் தோட்டாவில் நான்கு பாகம்: வெளியே ஒரு கூடு, அடியில் தட்டினால் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. ரைஃபிள், பிஸ்டல் தோட்டாக்களுக்குக் கூடு பெரும்பாலும் பித்தளை. ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். 12 போர் மாதிரி ஷாட்கன் தோட்டாவில் உடம்பு பிளாஸ்டிக், பழையதாக இருந்தால் அட்டை. அடியில் மட்டும் உலோகத் தொப்பி. உள்ளே குண்டுக்குப் பதில் ஈய ரவை. '12 போர்' என்ற பெயரும் ஈயத்திலிருந்து வந்ததுதான்: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பெரிதோ, அதுதான் குழாயின் அகலம்.

இப்போது தோல். தமிழ்நாட்டில் காலம் காலமாகத் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரியான தாவரச் சரக்கை வைத்து. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, பிறகு புவிசார் குறியீடும் வாங்கிய தோல் இந்த வழியில் வந்ததுதான். பட்டையிலும் காயிலும் இருக்கும் டானின் தோலை அழுகவிடாமல் காக்கிறது. ஆனால் டானின் அமிலத்தன்மை உள்ளது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த அமிலம் மெதுவாக வேலை செய்து பித்தளையில் இருக்கும் செம்பைத் தின்ன ஆரம்பிக்கும். தோலை மிருதுவாக்கப் போட்ட எண்ணெயும் கொழுப்பும் செம்போடு சேர்ந்தால் மெழுகு மாதிரி ஒரு பச்சைப் பசை வரும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை மறந்து வைத்தால் களிம்பு ஏறுமே, கிட்டத்தட்ட அதே கதை. குரோம் போட்டுப் பதப்படுத்திய இன்றைய தோல் என்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம்; அதிலும் அமில உப்புகள் மிச்சம் இருக்கும்.

தோல் பெல்ட் தோட்டாவைச் சுமக்க வந்த சாமான். காலையில் இடுப்பில் கட்டி, சாயங்காலம் கழற்றித் தோட்டாக்களை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதை அலமாரியாக மாற்றியதில்தான் தப்பு. பழைய சினிமா ஹீரோக்கள் குறுக்காகப் பெல்ட் போட்டு நடந்து வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அது தோட்டாவின் நிரந்தர முகவரி என்று தோன்றிவிட்டது.

பச்சை வந்தால் என்ன, சுடத்தான் போவதில்லையே? சுடப் போகிறவர்களுக்கு: களிம்பு கூட்டை மெலிதாக்கும். தடித்த களிம்போடு தோட்டாவை அழுத்தி உள்ளே தள்ளினால் சிக்கிக்கொள்ளும், அல்லது கூடு கிழிந்து சூடான வாயு முகத்துக்கு நேராகத் திரும்பும். சுடப் போகாதவர்களுக்கு: அதைச் சுரண்டாதீர்கள். சுரண்டும்போது அடியில் இருக்கும் கேப் மேல் கத்தி நுனியோ ஸ்க்ரூடிரைவரோ பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் வெடித்த பித்தளை

தோலைவிட ஆச்சரியமான எதிரி ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்ததற்கு நம் நாட்டு மழைக்காலமே காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவம் ஒரு விசித்திரத்தைப் பார்த்தது. மழை மாதங்களில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல்! யாரும் தொடவில்லை, கீழே போடவில்லை. பருவத்தோடு வந்து போனதால் இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921-ல்தான் மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா. கூட்டை இழுத்து வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் அமோனியாவும் சேர்ந்து அந்த இறுக்கத்தின் வழியாகவே அதைப் பிளந்துவிடுகின்றன. கூட்டை அளவாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் தீர்வு. இன்றும் பல ராணுவத் தோட்டாக்களின் கழுத்துப் பக்கம் நிறம் மாறி, லேசாகப் புகை படிந்த மாதிரி இருப்பது அந்தச் சூட்டின் தடம்தான்.

இதை ஆம்பூரோடு சேர்த்துப் பாருங்கள். டேனரியில் தோலுக்குச் சுண்ணாம்பு போட்டு முடியை எடுத்த பிறகு, சுண்ணாம்பை நீக்க அமோனியம் உப்புகளைப் பயன்படுத்துவது வழக்கம். அந்தக் கட்டத்தில் மூக்கைத் துளைக்கும் வாசனை வருமே, அது அமோனியா. ஆக, டேனரியை ஒட்டிய குடோனில் பித்தளைத் தோட்டாவை வைப்பது, கூரை மாற்றிய குதிரை லாயத்தில் வைப்பதற்குச் சமம். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரை வைத்துத் தோட்டாவுக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

சாமி இல்லாத கோயில், தோட்டா இருந்த கோயில்

தோட்டாவை எங்கே வைப்பது என்பது வேலூருக்குப் புதுக் கேள்வி இல்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நீண்ட காலம் ஆயுதக் கிடங்காகத்தான் இருந்தது. 'சாமி இல்லாத கோயில்' என்று வேலூரைக் கேலி செய்யும் பழமொழி அதிலிருந்து வந்ததுதான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி பிரதிஷ்டை செய்தது 1981-ல். தண்ணீருக்குள் உறைபவர் என்று பெயர் கொண்ட சாமியின் வீட்டில், தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் சரக்கை வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சேமிப்பு என்ற கோணத்தில் அது மோசமான இடமும் இல்லை: தடித்த கருங்கல், நிழல், உள்ளே வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்.

அந்தக் காலத்து வெடிமருந்துக் கிடங்குகளைத் தனி அக்கறையோடுதான் கட்டினார்கள். காற்று வர வளைந்து வளைந்து போகும் துவாரங்கள், நேராகத் தீப்பொறி புகுந்துவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே இரும்புக் கருவி கூடாது, செம்பு அல்லது மரம்தான். ஆணி அடித்த செருப்போடு நுழையக் கூடாது. அதற்கென்றே ஆணி இல்லாத தனிச் செருப்பு. இந்தக் கிடங்குக்கு ஆங்கிலத்தில் பெயர் என்ன தெரியுமா? மேகசின். கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1731-ல் லண்டனில் ஒருவர், பலதும் சேர்த்து வைத்த கிடங்கு என்ற அர்த்தத்தில் தன் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைக்கப் போய், இன்று வார இதழுக்கும் அதே பெயர். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதும் ஒரு வகையில் கிடங்குதான்!

1806 ஜூலை 10 அதிகாலை, இதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுதான் உடனடிக் காரணம். அங்கேயும் தோல்தான், கவனியுங்கள். அன்று காலை கோட்டை மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்த 69-வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, கயிறு பிடித்து மதில் ஏறி, அவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பிச் சண்டை போட வைத்தார். பீரங்கி வந்து கதவை உடைக்கும் வரை அப்படித்தான் சமாளித்தார்கள். ஊர் நிறைய தோட்டா இருந்தாலும், தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் வெறும் எடைதான்.

வெயிலூரில் எப்படி வைப்பது?

நம் ஊரை வெயிலூர் என்று சும்மா கூப்பிடவில்லை. அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி எல்லாம் சாதாரணம். தகர ஷீட் போட்ட மாடி அறை, வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு என்றால் இன்னும் மேலே போகும். இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா வெடிமருந்து, நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் நூறு வருடத்துக்கு மேலாகத் தயாராவதும் இதே வம்சம்தான். இந்தச் சரக்கு சும்மா இருக்கும்போதும் மிக மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும். அதைத் தள்ளிப்போட உள்ளே ஒரு நிலைப்படுத்தி கலந்திருப்பார்கள். சூடு ஏற ஏற அந்த நிலைப்படுத்தி சீக்கிரம் தீரும். அதனால் குளிர்ச்சி, உலர்வு, நிலையான வெப்பம், இந்த மூன்றும்தான் கணக்கு. நல்ல இடத்தில் வைத்த தோட்டா பல பத்து வருடம் தாங்கும். தகர மாடியில் வைத்தது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்னை வேறு. அட்டைக் கூடு ஈரம் குடித்து உப்பிவிடும், குழாய்க்குள் நுழையாது. ஏசி அறையில் இருந்த பெட்டியை மழைநாளில் வெளியே கொண்டுவந்து சட்டெனத் திறந்தால், ஃப்ரிட்ஜ் பாட்டில் வியர்ப்பது போல தோட்டாவும் வியர்க்கும். பெட்டியை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளி வெப்பத்துக்குப் பழகவிட்டுத் திறக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மருந்து ஆம்பூர்க்காரர்கள் கையிலேயே இருக்கிறது. புது ஷூ பெட்டியைத் திறந்தால் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதிய குட்டி பாக்கெட் விழுமே, அந்த சிலிக்கா ஜெல். கடல் வழியாகப் போகும் கன்டெய்னருக்குள் ஈரம் கோத்து ஷூவில் பூஞ்சை பூத்தால் மொத்த ஆர்டரும் திரும்பிவிடும் என்பது ஏற்றுமதி பேக்கிங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தோட்டாவுக்கும் அதே வைத்தியம்தான். ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் உலோகப் பெட்டி. உள்ளே தோட்டாக்கள் வாங்கிய அட்டைப் பெட்டியோடேயே. கூடவே நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடலாம். பெட்டி நேராகத் தரையில் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். ஒரு பலகை மேல்.

கம்பெனி அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்த அளவு, எந்த லாட் என்ற ஜாதகம் முழுக்க அதில்தான். அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய பயங்கரம்: 20 போர் தோட்டா 12 போரைவிடச் சின்னது. இரண்டும் ஒரே பையில் கலந்து, அவசரத்தில் 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கிக்குள் போனால், அது நழுவிக் குழாய்க்குள் சென்று நின்றுவிடும். பார்த்தால் காலி மாதிரி தெரியும். அதன் பின்னால் இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழாய் கைக்குள்ளேயே பிளக்கும். இதற்காகத்தான் பெரும்பாலான கம்பெனிகள் 20 போர் கூட்டை மஞ்சளாகச் செய்கின்றன. ஒரு பெட்டிக்கு ஒரு அளவு, கலக்கவே கூடாது.

எண்ணெய் பூசிப் பாதுகாக்கிறேன் என்பதும் வேண்டாம். துரு நீக்கும் ஸ்ப்ரே இண்டு இடுக்கில் இறங்கக்கூடியது. கேப் வரை போனால் தோட்டா செத்துவிடும். வறண்ட துணியில் துடைத்தால் போதும். பழைய சரக்கை முதலில் செலவழித்துப் புதியதைப் பின்னால் அடுக்குவது, மளிகைக்கடை அண்ணாச்சி அரிசி மூட்டைக்குச் செய்வதுதான், இங்கேயும் செல்லும். ரேஞ்சில் விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழாயை இலக்கை நோக்கியே வைத்து குறைந்தது அரை நிமிடம் காத்திருங்கள். பழைய தோட்டா சில சமயம் யோசித்து வெடிக்கும்.

தீப்பிடித்தால்? இது எல்லோரும் கேட்பது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, சுருக்கப் பெயர் சாமி (நம்ம சாமி இல்லை). அவர்கள் பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களை எரித்துப் பார்த்துப் படமே எடுத்திருக்கிறார்கள். சினிமாவில் வருவது போல எல்லாம் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை, ஒவ்வொன்றாகப் பொரிகின்றன. துப்பாக்கிக் குழாய் இல்லாததால் குண்டுக்கு வேகம் கிடைப்பதில்லை. கூட்டின் துண்டுதான் அதிகம் தெறிக்கும். கண்ணைக் குருடாக்க அது போதும் என்பதால் கிட்டே போகக் கூடாது. தோட்டாப் பெட்டிகளில் 1.4எஸ் என்று ஒரு குறி பார்க்கலாம்: விபத்து நடந்தாலும் பாதிப்பு பெரும்பாலும் பெட்டியோடு அடங்கும் என்பதைச் சொல்லும் சர்வதேச வகைப்பாடு அது.

நாட்டுத் துப்பாக்கிக்கான கறுப்பு மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒரு பொறிக்கே மொத்தமாகப் போகும். ராணுவக் கிடங்குகளில் இருக்கும் ஷெல், கண்ணிவெடியும் அப்படித்தான். 2016 மே 31 அன்று மகாராஷ்டிராவின் புல்காவ் ராணுவக் கிடங்கு எரிந்ததில் பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, ஜூன் 5-ல், இலங்கையில் கொஸ்கம பக்கம் சாலாவ ராணுவ முகாமின் கிடங்கு வெடித்துச் சுற்றியிருந்த வீடுகளெல்லாம் சிதைந்தன. நம் பீரோவுக்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. ஆனாலும் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தோட்டாவை வைக்காதீர்கள், ப்ளீஸ்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

பிஜிஎம்ஐ-யில் பேக்பேக் நிறைய 5.56 அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடலாம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய அப்படித்தான். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே டாய்லெட் பேப்பரோடு தோட்டாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. யூடியூபில் 'ஆயிரம் ரவுண்ட் எப்படிச் சேமிப்பது' வீடியோக்கள் எல்லாம் அந்த ஊருக்கானவை.

இங்கே கதை வேறு. 1959-ன் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டும் அல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் புக்கிலேயே இரண்டு எண் இருக்கும்: ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய அதிகபட்சம், ஒரு வருடத்தில் வாங்கக்கூடிய அதிகபட்சம். டீலரிடம் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதில் பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருடமானது. போட்டிகளில் சுடும் வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, 2020 பிப்ரவரியில் அதை இன்னும் தாராளமாக்கினார்கள். அதாவது நிறையத் தோட்டா வேண்டும் என்ற ஆசைக்குச் சட்டப்படி இருக்கும் பாதை ரைஃபிள் கிளப், பயிற்சி, போட்டி. நடிகர் அஜித் மாநில அளவிலான போட்டிகளில் போய் நின்று சுட்டது இந்தப் பாதையில்தான்.

லைசென்ஸே வேண்டாம், சுடுவது மட்டும்தான் ஆசை என்றால் ஏர் ரைஃபிள் இருக்கிறது. பாயின்ட் 177 அளவுக்குள், 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் 2016 விதிகள் லைசென்ஸ் கேட்பதில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கம் வாங்கியது ஏர் ரைஃபிளில்தான். அதன் பெல்லட்டில் மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை. வெறும் ஈயம். அதற்கும் ஈரம் ஆகாது, வெள்ளையாகப் பூத்துவிடும். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் போட்டால் முடிந்தது. தொட்ட கையைக் கழுவாமல் பிரியாணியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒற்றைத் தோட்டா விஷயத்திலும் கவனம். ரேஞ்சுக்குப் போன அதே பையை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போய், ஜிப்புக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக ஸ்கேனரில் மாட்டியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருந்தார் என்று நிரூபிக்கப்படாத பல வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் ஃபிளைட் போய்விட்டிருக்கும், எஃப்ஐஆர் வந்திருக்கும், ஹைகோர்ட் வரை அலைந்திருப்பார்கள். பாயின்ட் 303, 9 எம்எம் என்றால் விஷயம் இன்னும் கனம். அவை தடை செய்யப்பட்ட வகை. 'மிலிட்டரி மாமா கொடுத்த ஞாபகப் பொருள்' என்ற பதில் அங்கே எடுபடாது.

சரி, அந்தப் பெல்ட்?

லைசென்ஸ் ஆளோடு போய்விடுகிறது. தாத்தா இறந்த பிறகு, அந்தப் பதினான்கு தோட்டாவையும் வைத்துக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. வைத்திருப்பது சட்டவிரோதமாக மாறிவிட்டால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவரை சரக்கு வீட்டில் இருக்கக் கூடாது.

நண்பனின் அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ராத்திரியோட ராத்திரியா பாலாத்துல போட்டுட்டு வந்துரவா?" என்றார். நிறைய வீடுகளில் முதலில் வரும் யோசனை இதுதான். ஆற்றில் போட்டால் மணல் அள்ளுகிறவர் கையிலோ ஆடு மேய்க்கும் பையன் கையிலோ கிடைக்கும். குப்பையில் போட்டால் கொளுத்துகிறவர் முகத்தில் தெறிக்கும். புதைத்தாலும் அது அங்கேயே இருக்கும். அதோடு, ஒப்படைக்கப் போகிறவருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒளிக்கப் போகிறவருக்கு வைக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் எளிமையான வரிசை சொன்னார். முதலில் தோட்டாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது. வழியில் வண்டிச் சோதனையில் மாட்டினால் விளக்குவது கஷ்டம். லைசென்ஸ் புக், இறப்புச் சான்றிதழ், துப்பாக்கியை விற்ற ரசீது, 'பீரோவைச் சுத்தம் செய்தபோது இன்ன தேதியில் கண்டெடுத்தோம்' என்று ஒரு மனு, இதெல்லாவற்றோடும் போய்ச் சொல்ல வேண்டும். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கை போட்ட ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும்.

அப்படித்தான் செய்தார்கள். இரண்டு நாள் அலைந்தார்கள், முதல் நாள் அதிகாரி இல்லை. பெல்ட்டில் களிம்போடு ஒட்டிப்போன தோட்டாக்களை வீட்டில் யாரும் பிடுங்கவில்லை, பெல்ட்டோடேயே கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு வயதான ஏட்டு நிதானமாக ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தாராம். "தோல்ல வெச்சா இப்படித்தான் தம்பி ஆகும். உங்க ஊர்க்காரங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டிருக்கிறார்.

பெல்ட் திரும்ப வந்துவிட்டது. நண்பன் கேட்டபடியே ஹாலில் மாட்டியிருக்கிறான். பதினான்கு வளையமும் காலி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பச்சை வட்டம். துடைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார்.